லிஸ்பன் எவ்வளவு தொலைவு?

தெமட்டகொடையில் நான் குடியிருக்கும் தெருவுக்கு அண்மையில் புகையிரத எஞ்சின்களை நிறுத்திப் பேணும் பெருங்கொட்டகை ஒன்று இருக்கின்றது. இரவில் எஞ்சின்கள் அங்கே திரும்பிவந்து பெருமூச்செறியும் ஓசை எங்கள் காதுக்குப் பழகிப்போனது. அவ்வோசை கேளாத இரவில்தான் விழிப்பு உண்டாகும். ஆகையால் ஊர்களின் தொலைவைப் புகையிரதப் பயணத்தால் அளப்பதே எங்கள் வழக்கம். யாழ்ப்பாணம் ஓர் இரவு, மட்டக்களப்பு ஓர் இரவு, பதுளை ஒரு பகல் என்பதே என் இளமையிற் கற்ற பூமிசாத்திரம். அந்தக் கணக்கைச் சென்ற மாதம் என் மாணவன் ஒருவன் குலைத்துவிட்டான்.

ஒன்பதாம் வகுப்பில் தமிழ் அச்சேறிய வரலாற்றைக் கூறிக்கொண்டிருந்தேன். தமிழ்மொழியில் அமைந்த முதல் அச்சுநூல் தமிழ்நாட்டில் வெளிவரவில்லை, ஈழத்திலும் வெளிவரவில்லை, போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் 1554ஆம் ஆண்டில் வெளிவந்தது என்று சொன்னேன். கடைசி வாங்கில் இருந்த பையன் எழுந்து நின்று, இங்கிருந்து லிஸ்பனுக்கு விமானத்தில் எத்தனை மணித்தியாலம் சேர் என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை; விடையும் வரவில்லை. நாளைக்குச் சொல்கின்றேன் என்று கூறி அவனை இருத்தினேன்.

அன்று மாலை கணக்குப் பார்த்தேன். கொழும்பிலிருந்து லிஸ்பனுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 9,400 கிலோமீற்றர். இடையில் இறங்காது செல்லும் விமானம் இல்லை. வளைகுடா நாட்டு நகரம் ஒன்றுக்கு ஐந்து மணி நேரம், அங்கிருந்து லிஸ்பனுக்கு எட்டு மணி நேரம், இடையே காத்திருக்கும் நேரம் வேறு. எவ்வாறு கூட்டினும் பதினைந்து மணிக்குக் குறையாது. மறுநாள் இதனைச் சொன்னபோது பையன் மனநிறைவோடு அமர்ந்துவிட்டான். எனக்கோ மனம் அமையவில்லை. ஏனெனில், அந்த லிஸ்பன் நூலின் செய்தியைத் தமிழ் மக்களிடம் கொண்டுவந்து சேர்த்தவர் எங்கள் ஊருக்கு மிக அண்மையில் கல்வி பயின்றவர். தெமட்டகொடைச் சந்தியிலிருந்து பேஸ்லைன் வீதி வழியே தெற்கு நோக்கி நடந்தால் பொறளை வரும். அங்கிருந்த புனித பேர்னாட் குருமடத்திலே 1931 முதல் 1934 வரை மாணவராக இருந்தவர் அவர். சேவியர் தனிநாயகம் அடிகள் என்று தமிழுலகம் அவரை அறியும். மாணவனுக்கு மணிக்கணக்கைச் சொன்ன நான் மனிதரின் கணக்கைச் சொல்லாது விட்டேனே என்ற குறை தீர இதனை எழுதுகின்றேன். எழுதுவதற்கு என் வீட்டுக் காரணம் ஒன்றும் உண்டு. அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

அடிகள் பிறந்தது ஊர்காவற்றுறைக்கு அருகிலுள்ள கரம்பொன் என்னும் ஊரில், 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள். இளமைப் பெயர் சேவியர் நிக்கலஸ் ஸ்தனிஸ்லாஸ். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். அக்காலத்துப் பெரிய கல்லூரிகளில் ஆங்கிலமே அரசோச்சியது. தமிழ் வாயிலில் நின்றது. பதினெட்டு வயதிற் குருத்துவக் கல்விக்காகக் கொழும்பு வந்தார். 1934இல் மேற்கல்விக்காக உரோமாபுரிக்குப் புறப்பட்டார்.

அந்தப் பயணத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1934இல் இலங்கையிற் பயணிகளுக்கான விமான நிலையம் கிடையாது. இரத்மலானையில் முதல் விமானம் வந்து இறங்கியதே 1935 நவம்பர் 27ஆம் நாள். அது சென்னையிலிருந்து வந்த சிறு விமானம். ஆகவே உரோமாபுரிக்குச் செல்பவன் கொழும்புத் துறைமுகத்திற் கப்பலேறி, அரபிக்கடலைக் கடந்து, ஏடனைத் தொட்டு, செங்கடலுட் புகுந்து, சுயெஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடலை அடைந்து இத்தாலியில் இறங்க வேண்டும். இரண்டு கிழமை கடலிலேயே கழியும். இன்று கொழும்பிலிருந்து உரோமாபுரிக்கு நேர்கோட்டில் 7,600 கிலோமீற்றர் என்கின்றோம். அன்று அது பதினைந்து பகலும் பதினைந்து இரவும்.

உரோமாபுரியில் உர்பன் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு பயின்றார். 1938இற் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பழைய கார்த்தேசு நகரத் திருச்சபைக் குருமாரைப் பற்றி ஆய்ந்து இறையியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, செருமன், இசுப்பானியம், போர்த்துக்கீசம் என்று மொழிகள் அவரிடம் வந்து சேர்ந்தன. அங்கிருந்த தமிழ் மாணவர்களைக் கூட்டி வீரமாமுனிவர் பெயரால் ஒரு கழகமும் அமைத்தார். ஆயினும், இத்தனை மொழிகளில் உரையாட வல்ல அவருக்குத் தமிழிலக்கியத்திற் போதிய பயிற்சி இல்லை. இதனை நான் குறையாகக் கூறவில்லை. அவரே உணர்ந்து வருந்திய குறை அது.

கல்வி முடித்து வந்தவர் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரிலே புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியின் துணைத்தலைமையாசிரியராக அமர்ந்தார். காலம் 1940. உரோமாபுரியிற் கலாநிதிப் பட்டம் பெற்ற குருவானவர், அந்தச் சிற்றூரில் ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து, இலக்கணமும் சங்க இலக்கியமும் முறையாகப் பாடங்கேட்டார். பண்டிதர் குலத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்கு ஒரு பெருமிதம் உண்டாவதை நான் மறைக்கப் போவதில்லை. உலக மாநாடுகளில் தமிழை ஏற்றிய அறிஞருக்கு அடிப்படையிட்டவர், எந்த மாநாட்டு மேடையும் அறியாத ஓர் ஊர்ப் பண்டிதர். தனிநாயகம் என்ற தமிழ்ப் பெயரை அவர் தாங்கியதும் இக்காலத்திலேதான்.

கரம்பொனிலிருந்து வடக்கன்குளத்துக்குக் கடல்வழி நோக்கினால் மிகச் சிறிய தொலைவு. அவருக்கோ அது கொழும்பு சென்று, உரோமாபுரி சென்று, அங்கிருந்து மீண்டு வந்த பெருவழியாயிற்று. முப்பதை நெருங்கும் வயதிலேதான் தாய்மொழியின் பழம்பெரும் நூல்களை அடைந்தார்.

பின்னர் 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகஞ் சேர்ந்து தமிழில் முதுகலைப் பட்டமும், அதன்மேல் ஆய்வுப் பட்டமும் பெற்றார். அவர் ஆய்வுக்கெடுத்த பொருள் பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை. கிரேக்க, இலத்தீன் புலவர்கள் இயற்கையைப் பாடிய முறையோடு நம் ஐந்திணை நெறியை ஒப்புநோக்கிய அந்நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பிற்காலத்தில் நிலமும் கவிதையும் என்று பொருள்படும் புதுப்பெயரோடு மறுபதிப்பும் கண்டது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உள்ளநிலையை உரியதாக்கிய இலக்கியம் வேறு எங்கே உண்டு என்று மேனாட்டாரை நோக்கி வினவும் துணிவு அந்நூலில் இருக்கின்றது.

எனக்கு அந்நூலைப் படிக்குந்தோறும் பாலைத்திணையே நினைவுக்கு வரும். பொருள்தேடிச் செல்லும் தலைவன் கடக்கும் காடும் மலையும் எத்தனை காதம் என்று சங்கப் புலவர் கணக்கிட்டுச் சொல்வதில்லை. தலைவி வீட்டுச் சுவரிலே கோடிட்டு நாள் எண்ணுகின்றாள். அந்தக் கோடுகளே தொலைவின் அளவு. சென்றவன் கடந்த வழியைக் காட்டிலும் இருந்தவள் எண்ணிய நாளைக் கொண்டு தொலைவை அளந்தவர்கள் நம் முன்னோர். இக்காலத்து விமான நிலையப் பலகையில் மணியும் நிமிடமும் மின்னுகின்றன. ஆனால் எங்கள் வீட்டு நாட்காட்டியில் என் மனைவி பென்சிலால் இடும் கோடுகளைப் பார்த்தால், சங்க காலம் முற்றாக மறைந்துவிட்டதென்று எனக்குத் தோன்றுவதில்லை. எங்கள் மகள் இலண்டனில் இருக்கின்றாள்.

1949 முதல் அடிகள் உலகச் செலவில் இறங்கினார். மலாயா, ஜப்பான், அமெரிக்க ஐக்கிய நாடு, தென்னமெரிக்க நாடுகள், ஐரோப்பா என்று சுற்றித் தமிழ்ப் பண்பாட்டைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அது ஜெற் விமானம் பயணிகளிடையே பரவாத காலம். சுழல்விசிறி பூட்டிய விமானங்கள் தாழப் பறந்து, எண்ணெய் நிரப்ப ஊருக்கு ஊர் இறங்கி ஏறிச் செல்லும். கொழும்பிலிருந்து இலண்டன் செல்வோர் ஒரு நாளுக்கு மேல் வானிலும் நிலத்திலுமாகக் கழிக்க வேண்டும். இன்று அதே 8,700 கிலோமீற்றர் பதினொரு மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றது. இடையில் ஓர் உறக்கமும் இரண்டு உணவும். அடிகள் காலத்துப் பயணத்தில் உடம்புக்கு ஓய்வில்லை. எனினும் இறங்கிய ஊரெல்லாம் தமிழின் தடத்தைத் தேடிக்கொண்டே சென்றார். சயாம் நாட்டு அரசவை அந்தணரின் திருவிழாவிலே நம் திருவெம்பாவையின் எதிரொலி இருப்பதை எழுதித் தமிழர் கவனத்துக்குக் கொண்டுவந்தார். இவ்வாறு சென்ற நாடுகளைப் பற்றித் தமிழில் அவர் எழுதிய நூல்தான் ஒன்றே உலகம்.

1952இல் ஆங்கில முத்திங்கள் ஏடு ஒன்றை அவர் தொடங்கினார். தமிழ்ப் பண்பாடு என்பது அதன் பெயருக்குப் பொருள். இங்கே ஒரு பழைய வழக்கை எடுத்துரைக்க வேண்டும். நான் பயின்ற கீழைத்தேயக் கல்லூரியில் எங்களுக்குத் தொல்காப்பியம் கற்பித்த முதியவர் அடிகளின் பெயரைக் கேட்டாலே முகஞ்சுளிப்பார். தமிழைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி என்ன பயன், தமிழ் மட்டும் அறிந்த ஆசிரியனுக்கு அதில் ஒரு வரியேனும் விளங்குமா என்பது அவர் வாதம். மாணவப் பருவத்தில் நானும் அவர் பக்கமே நின்றேன். இன்றும் அவ்வாதத்தில் ஒரு பாதி நியாயம் இருப்பதாகவே கருதுகின்றேன். அடிகள் ஆங்கிலத்தில் எழுதியவற்றை நோக்கத் தமிழில் எழுதியவை குறைவு. ஊர்ப்பள்ளி ஆசிரியன் அந்த ஏட்டின் பெயரைக் கேட்டிருப்பான். ஏட்டைக் கண்டிருக்க மாட்டான். மற்றப் பாதி நியாயம் முதியவருக்குத் தோன்றவில்லை. தமிழைப் பற்றித் தமிழரிடம் புகழ்ந்து பேச ஆயிரவர் இருந்தனர். பாரிசிலும் பிராகாவிலும் லெய்டனிலும் தத்தம் அறையில் தனித்தமர்ந்து தமிழ் படித்துக்கொண்டிருந்த அறிஞர்களோடு பேச ஒருவர்தாமும் இல்லை. ஒருவரையொருவர் அறியாதிருந்த அவர்களை ஓர் ஏட்டின் பக்கங்களில் அயலவர் ஆக்கியவர் அடிகள்.

அக்காலத்தில் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளர். இடையே இலண்டன் சென்று, பழந்தமிழரின் கல்விச் சிந்தனையை ஆய்ந்து மற்றொரு கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஐரோப்பிய நூலகங்களிற் கிடந்த தமிழ் ஏடுகளையும் பழைய அச்சு நூல்களையும் தேடிச் சென்றதும் இந்த ஆண்டுகளிலேதான். என்றிக்கே என்றிக்கசு பாதிரியார் 1586இல் அச்சிட்ட அடியார் வரலாற்றின் படி ஒன்றை வத்திக்கான் நூலகத்திற் கண்டார். அந்தோம் தெ புரொயன்சா தொகுத்து 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கீச அகராதியைப் பின்னாளில், 1966இல், மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். 1554ஆம் ஆண்டு நூல் லிஸ்பனில் இருக்கும் செய்தியை எழுதித் தமிழ் ஆய்வாளரின் கண்ணைத் திறந்தவரும் அவரே.

அந்த நூலைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லாமல் மேலே செல்ல என்னால் இயலாது. கார்த்தில்யா என்பது அதன் பெயர். கிறித்தவ மன்றாட்டுகளையும் அடிப்படைப் போதனைகளையும் கொண்ட சிறு நூல். போர்த்துக்கல் மன்னன் மூன்றாம் ஜுவாம் கட்டளையால் அச்சானது. கருப்பு, சிவப்பு என இரு நிற மையில், தமிழ்ச் சொற்களும் அவற்றுக்கு நேரே போர்த்துக்கீசப் பொருளுமாக அமைந்தது. அதனை ஆக்கியவர்கள் மூவர். மூவரும் லிஸ்பனில் இருந்த தமிழர். விசெந்தே தெ நசரே, ஜோர்ஜ் கார்வாலோ, தோமா த குரூஸ் என்பன அவர்கள் ஏற்ற பெயர்கள். பெற்றோர் இட்ட பெயரை நூல் கூறவில்லை. அந்த நாளில் இந்தியக் கரையிலிருந்து லிஸ்பன் செல்வதென்றால், ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பாய்க்கப்பலில் ஆறு மாதமோ அதற்கு மேலோ செல்ல வேண்டும். பருவக்காற்றுத் தவறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். வழியில் நோயால் இறப்போர் பலர். சென்றவன் திரும்புவான் என்ற உறுதி கிடையாது. அத்துணைத் தொலைவுக்கு அப்பால் இருந்துகொண்டு அம்மூவரும் தமிழை அச்சுக்குத் தந்தனர்.

ஆனால் தமிழ் எழுத்தில் அன்று. லிஸ்பனில் தமிழ் அச்செழுத்து ஏது? உரோமன் எழுத்தில் தமிழ் ஒலிகளைப் பெயர்த்தெழுதினர். முதலில் அச்சேறிய தமிழ், தமிழ் எழுத்தில்லாத தமிழ்.

இங்கேதான் என் வீட்டுக் காரணம் வருகின்றது. இலண்டனிலுள்ள என் மகளின் குழந்தைக்கு இப்போது ஏழு வயது. தமிழ் பேசுவாள், எழுத அறியாள். தாயின் கைத்தொலைபேசியிலிருந்து எனக்குச் செய்தி அனுப்புவாள். அம்மப்பா என்று தொடங்கி எல்லாம் தமிழ்ச் சொற்கள், எல்லாம் உரோமன் எழுத்துக்கள். பண்டிதன் வீட்டுப் பேத்தி தமிழை இவ்வாறு எழுதுவதா என்று எனக்குச் சினம் மூண்டது. இந்த எழுத்தில் இனி எனக்கு எழுத வேண்டாம், தமிழ் எழுத்தைக் கற்ற பின்னர் எழுது என்று மகள் வழியே சொல்லி அனுப்பினேன். குழந்தை சொற்கேட்பவள். எழுதுவதை நிறுத்திவிட்டாள். நான்கு மாதமாயிற்று. தமிழ் எழுத்தும் வரவில்லை; செய்தியும் வரவில்லை. பதினொரு மணி நேரத் தொலைவில் இருந்தவளை நானே ஆறு மாதத் தொலைவுக்குத் தள்ளிவிட்டேன். மாணவனின் வினாவுக்கு விடை தேடிய அந்த இரவிலே, கார்த்தில்யாவைப் பற்றி அடிகள் எழுதியதை மீண்டும் எடுத்துப் படித்தபோது, என் செயல் எனக்கே உறைத்தது. அம்மூவரும் நல்ல எழுத்து வரும்வரை காத்திருந்தால் 1554இல் ஒன்றும் அச்சாகியிராது. சொந்த எழுத்தில் தமிழ் அச்சேற மேலும் இருபத்து நான்கு ஆண்டுகள் சென்றன. 1578இற் கொல்லத்திலே தம்பிரான் வணக்கம் வெளிவந்தது. முன்னதை இழிவென்று அடிகள் ஒதுக்கவில்லை. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தே எழுதினார்.

அடிகளின் வாழ்வுக்கு மீள்வோம். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. மொழியுரிமையைப் பற்றி அவர் எழுதினார், மேடைகளிற் பேசினார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தலைவராகக் கோலாலம்பூர் சென்றார். கொழும்பிலிருந்து அந்நகர் 2,450 கிலோமீற்றர். இக்காலத்து விமானத்தில் மூன்றரை மணி நேரம். தாய்நாட்டில் தம் மொழியின் நிலை தளர்ந்துவந்த அந்நாளில் அங்கே அவருக்கு ஒரு துறையும், நூல்களை வெளியிட வாய்ப்பும், உலகத்தார் வந்துபோகும் நகரும் கிடைத்தன.

1964 ஜனவரியிற் புதுதில்லியில் கீழைத்தேயவியலாரின் அனைத்துலக மாநாடு கூடியது. அங்கு வந்திருந்த தமிழாய்வாளரைப் பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியத்தோடு சேர்ந்து ஓரிடத்திற் கூட்டினார் அடிகள். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பாரிசு நகரத்துப் பேராசிரியர் பிலியோசா தலைவர். அடிகளும் பிராகா நகரத்துக் கமில் சுவெலபிலும் செயலாளர்கள். மாநாடு என்ற சொல்லைக் கேட்டாலே மாலையும் தோரணமும் ஊர்வலமும் நினைவுக்கு வரும் இக்காலத்தவர், அந்தத் தொடக்கத்தை அறிதல் நன்று. வேறொரு மாநாட்டின் ஓரத்திலே சிலர் கூடிப் பேசியதுதான் அது.

இரண்டே ஆண்டில், 1966 ஏப்ரிலில், கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடக்கிவைத்தார். இருபதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்தனர். பத்தாண்டுக்கு முன்னாயின் இது நடந்திருக்க முடியுமா என்று எண்ணிப் பார்க்கின்றேன். ஜெற் விமானம் வந்து கண்டங்களுக்கிடைப்பட்ட நாள்களை மணிகளாகச் சுருக்கியமையால், ஒரு கிழமை விடுமுறையில் ஐரோப்பியப் பேராசிரியர் கோலாலம்பூர் வந்து கட்டுரை படித்துத் திரும்ப முடிந்தது. விமானம் வழியைத் தந்தது. ஆயினும், அவ்விருக்கையில் ஏறி அமர வேண்டிய மனிதர் இன்னார் என்று அறிந்து, ஆண்டுக்கணக்காகக் கடிதம் எழுதி, நட்புக்கொண்டு, அழைத்தவர் ஒருவர் வேண்டியிருந்தது.

1968 ஜனவரியிற் சென்னையில் இரண்டாம் மாநாடு. அறிஞர் அண்ணா முதலமைச்சர். கடற்கரையிலே தமிழ்ச் சான்றோரின் சிலைகள் எழுந்தன. அவற்றுள் வீரமாமுனிவரும் போப்பும் கால்டுவெல்லும் இருந்தனர். 1970 ஜூலையிற் பாரிசில் மூன்றாவது. நான்காவது மாநாடு 1974 ஜனவரியில், யாழ்ப்பாணத்தில்.

அந்த நான்காவது மாநாட்டின் கதை வேறு. மாநாட்டைக் கொழும்பில் நடத்த வேண்டுமென்று அன்றைய அரசு விரும்பியது. யாழ்ப்பாணத்திலேயே நடத்துவதென்று பேராசிரியர் சு. வித்தியானந்தனைத் தலைவராகக் கொண்ட ஏற்பாட்டுக் குழு உறுதியாக நின்றது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நேர்கோட்டில் முந்நூறு கிலோமீற்றர்தான். எங்கள் புகையிரதக் கணக்கில் ஓர் இரவு. ஆனால் அந்த முந்நூறு கிலோமீற்றர் மாநாட்டுக்கு முன் ஒரு மலையாக எழுந்து நின்றது. யாழ்ப்பாணத்துக்கு நாநூறு கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவிலிருக்கும் சென்னையிலிருந்து வரவிருந்தோர் சிலருக்கு நாட்டினுள் நுழைய அனுமதி கிடைக்கவில்லை. கோலாலம்பூருக்குக் கடல்கள் கடந்து வந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு ஒரு நீரிணையைக் கடக்க முடியவில்லை.

எனினும் மாநாடு நடந்தது. ஊர் முழுவதும் வாழையும் தோரணமுமாக யாழ்ப்பாணம் அதனைத் தன் வீட்டுத் திருமணமாகக் கொண்டாடியது என்று அந்நாளில் இருந்தோர் இன்றும் கூறுவர். ஜனவரி 10ஆம் நாள் இரவு, நிறைவுப் பொதுக்கூட்டத்தின்போது, வீரசிங்கம் மண்டபத்தின் முன் திரண்டிருந்த மக்கள்மீது காவற்றுறையினர் பாய்ந்தனர். கண்ணீர்ப்புகையும் குண்டாந்தடியும் துப்பாக்கி ஓசையுமாக இருந்த அந்த நெருக்கடியில் மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. தமிழ் கேட்க வந்தவர்கள் உயிரிழந்தனர். அந்த இரவை ஈழத்தமிழர் மறக்கவில்லை. தாம் பிறந்த மண்ணுக்குக் கொண்டுவந்த விழா இவ்வாறு முடிந்ததை அடிகளின் உள்ளம் எவ்வாறு தாங்கியிருக்கும்!

அடிகள் தம் இறுதி நாள்களை யாழ்ப்பாணத்தில் கழித்தார். 1980 செப்டெம்பர் 1ஆம் நாள் அங்கேயே காலமானார். வயது அறுபத்தேழு. நான்கு மாதம் கழித்து, 1981 ஜனவரியில், மதுரையில் ஐந்தாம் மாநாடு அவரில்லாமற் கூடியது. பலாலி விமான நிலையம் 2019 அக்டோபர் 17ஆம் நாள் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறக்கப்பட்டதையும், சென்னையிலிருந்து விமானம் வந்து அங்கே இறங்கியதையும் நான் செய்தித்தாளிற் படித்தபோது, அவர் நினைவு தவிர வேறு நினைவு எனக்கு வரவில்லை. நீரிணையைக் கடக்க ஒன்றரை மணி நேரமும் ஆவதில்லை.

பொறளைப் பக்கம் போகும்போதெல்லாம், 1934இல் அங்கிருந்து பெட்டியுடன் துறைமுகம் நோக்கிப் புறப்பட்ட இருபத்தொரு வயது இளைஞரை எண்ணிக்கொள்கின்றேன். பேஸ்லைன் வீதியில் இப்போது நெரிசல் மிகுதி. மாலை நேரத்தில் தெமட்டகொடையிலிருந்து பொறளை சேர்வதற்குள், விமானம் சென்னையை அணுகியிருக்கும்.

மகளும் பேத்தியும் வரும் விடுமுறைக்குக் கொழும்பு வருகின்றார்கள். போன கிழமை, என் பிடிவாதத்தை விட்டு, பேத்திக்கு நானே முதலில் ஒரு செய்தி எழுதினேன்; தமிழை, உரோமன் எழுத்தில். இதுநாள்வரை அவ்வாறு எழுதியறியேன். ஐந்து வரி எழுத ஒரு மணி நேரம் சென்றது. நகரமும் னகரமும் ணகரமும் ஒரே எழுத்தில் வந்து நின்று என்னைப் பார்த்து நகைத்தன. லகரமும் ளகரமும் ஒன்றையொன்று அறியாதனபோல் ஒதுங்கின. லிஸ்பனில் அம்மூவரும் பட்ட பாடு எனக்கு அப்போதுதான் விளங்கியது. விடை உடனே வந்தது. இன்னும் பன்னிரண்டு நித்திரை என்று எழுதியிருந்தாள். அவர்கள் புறப்படுவதற்கு உள்ள நாள்களை உறங்கும் இரவுகளால் எண்ணுகின்றாளாம். மனைவியை அழைத்து வாசித்துக் காட்டினேன். அவள் நாட்காட்டியைப் பார்த்துக் கணக்குச் சரியென்றாள்.

செய்தியின் கடைசியில் ஒரு வினாவும் இருந்தது. தமிழ் என்பதன் கடைசி எழுத்தின் ஒலியை உரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது, தன் வகுப்புத் தோழி கேட்கின்றாள் என்று. கட்டுநாயக்காவில் அவர்கள் வந்து இறங்குவதற்குள் விடை கண்டுபிடிக்க வேண்டும். கார்த்தில்யாவின் படிமம் எங்கேனும் கிடைக்குமா என்று என் மாணவனிடம் சொல்லி வைத்திருக்கின்றேன். கணினியில் தேடுவதில் அவன் வல்லவன்.